கச்சரா மேட்டில் ஒரு முற்றம்

தாராவி, மும்பை
கார்த்திகை மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் நடக்கிறாள் என்று படித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பன்வெலில் வேலை கிடைத்திருக்கிறது. விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள், பாவம். அவள் அம்மாவுக்குத்தான் தூக்கம் கெடுகிறது.

"நம்ம கல்லி எப்படி இருக்கு?" என்று நம் தெருவைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

சாக்கடை நாலா ஓரம், பழைய தோல் குடோனுக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த கச்சரா மேடு உனக்கு மறந்திருக்காது. இப்போது அது இல்லை. அந்த இடத்தில் சாயங்காலமானால் பிள்ளைகள் பறை பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சினிமா போடுகிறோம், நாடகம் நடக்கிறது, ராப் பாடுகிற பையன்கள் தமிழும் இந்தியும் கலந்து பிளந்து கட்டுகிறார்கள். பகலில் பாட்டிமார் பாய் விரித்து இட்லிக்கு உளுந்து புடைக்கிறார்கள். நம்ம ஜனங்களுக்கு என்று ஒரு முற்றம் கிடைத்திருக்கிறது, மாப்பிள்ளை. பத்துக்குப் பத்து ரூமில் எட்டு பேர் இருக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குப்பையை அள்ளுவது புதுசில்லை. முன்னாலும் ஜேசிபி வந்தது, டம்பர் வந்தது, அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே யாரோ ஒருத்தர் ராத்திரியில் ஒரு மூட்டையைப் போடுவார். ஒரு மூட்டை கிடந்தால் போதும், மறுநாள் பத்து மூட்டை. பிறகு எங்கேயோ இடித்த கட்டடத்துக் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு டெம்போக்காரன் ஓடிவிடுவான். ஆளில்லாத இடம் என்று தெரிந்தால் ஊரே வந்து கொட்டும். அதனால் இந்த முறை பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள்: "அள்ளுற அன்னைக்கு ராத்திரியே அங்க ஆள் இருக்கணும்." மழையில் நாலா அடைத்து அடுப்படி வரைக்கும் தண்ணீர் வந்து அவதிப்பட்டவர்கள் அவர்கள்தானே. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தார்ப்பாயைக் கட்டி, குழந்தைகளை உட்கார வைத்து, கூட்டாகச் சோறு பொங்கினார்கள். மேடையும் இல்லை, தரையும் இல்லை, வாடைகூடப் போகவில்லை. ஆனால் மறுநாள் ஒரு மூட்டைகூட விழவில்லை.

எனக்கு அப்போதுதான் தெளிந்தது. முதலில் சுத்தம், பிறகு அழகு, கடைசியில் கலை நிகழ்ச்சி என்று வரிசை போடுகிறார்களே, அது தலைகீழ். பாட்டும் கூத்தும் அங்கே தினம் நடப்பதால்தான் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. காவலுக்கு ஆள் போடவில்லை, கேமரா வைக்கவில்லை. பறை பழகுகிற பிள்ளைகளே போதும்.

குப்பையைப் பிரித்தெடுக்கிற வேலையை, பழைய சாமான் தொழில் செய்கிற தேரா கம்பவுண்ட் ஆட்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பாட்டி ஒருத்தி இருக்கிறாளே, வெற்றிலை போட்டு வாய் எப்போதும் சிவந்திருக்குமே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுப்பாள், எந்த வகை என்று அறிய விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்பாள். சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டி, அணைத்து, முகர்ந்து பார்ப்பாள். "இது பிபி. இது ஹெச்டி. இத தூரப் போடு, ஒண்ணுக்கும் ஆவாது." இவ்வளவுதான். கை நிற்கவே இல்லை. மேலாக்கில் பிளாஸ்டிக், அதற்குக் கீழே துணி வெட்டு, அதற்கும் கீழே தோல் கழிவு என்று அடுக்கடுக்காக வந்தது. தாராவி என்னென்ன தொழில் செய்தது என்பது அந்த மண்ணில் அப்படியே இருந்தது. விற்ற காசில் தரையில் பதிக்கிற பேவர் பிளாக் கொஞ்சம் வாங்கினோம். மீதிக்கு வீட்டு வீட்டுக்கு வசூல்.

நிலம் நம்முடையதில்லை, அரசாங்கத்தது. கட்டடம் எதுவும் கட்டக் கூடாது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் பழைய குப்பை மேல் கனமாக எதையும் கட்டவே கூடாதாம். உள்ளே மட்கிக்கொண்டே இருக்கும், தரை அங்கங்கே அமுங்கும், மீத்தேன் வாயு கிளம்பும். நம்முடையது சின்ன மேடு, முக்கால்வாசி அள்ளியாயிற்று. இருந்தாலும் சிமெண்ட் போட்டு மூடாமல், பிளாக்குக்கு நடுவே இடுக்கு விட்டு, சாக்கடை நாலாவை நோக்கி வாட்டம் கொடுத்துப் பதித்தோம். மேடை பங்கார் கடைப் பழைய இரும்பில் செய்தது. பலகையைக் கழற்றினால் நாலு பேர் தூக்கிப் போய்விடலாம்.

பெரிய மேட்டை என்ன செய்யலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பஸ் டெப்போவுக்கு எதிரே, மித்தி நதி ஓரம், நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது குப்பை லாரி வரிசையாகப் போகுமே, பருந்து வட்டமிடுமே, அது 1977ல் மூடினது. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி வந்து 1983ல் முதல் மரம் நட்டார். 1994ல் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் என்று திறந்தார்கள். சுமார் 37 ஏக்கர். இன்றைக்கு உள்ளே போனால் அது காடு. நூறு வகைக்கு மேல் பறவை வருகிறது. மண் போட்டு, மரம் நட்டு, அந்த நிலத்துக்கு நேரம் கொடுத்ததால் வந்த பலன் அது. ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. டிக்கெட் வாங்கி, நேரம் பார்த்து உள்ளே போகிற இடமாக அது இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே கால் வைத்ததே இல்லை. டெல்லியில் சராய் காலே கான் பக்கம் 2019ல் பழைய இரும்பை வைத்தே தாஜ்மகால், ஈபிள் கோபுரம் என்று ஏழு உலக அதிசயங்களையும் செய்து ஒரு பூங்கா திறந்தார்கள். போன வருஷம் மச்சினன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அது பார்த்துவிட்டு வருகிற இடம். நமக்கு வேண்டியது உட்காருகிற இடம்.

அந்த உட்காருகிற உரிமைக்குத்தான் பெரிய சண்டை வந்தது. இடம் சுத்தமானதும் எல்லோருக்கும் அதன் மேல் கண். ஒருத்தர் கட்சி போர்டு நடலாம் என்றார். இன்னொருத்தர் சின்னதாக ஒரு கோயில் என்றார். டாக்ஸி, டெம்போ வைத்திருப்பவர்கள் ராத்திரி மட்டும் நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். கூட்டம் போட்டுத் தொண்டை கிழியப் பேசினோம். பக்கத்துச் சால் வரிசை வீடுகளில் இருக்கிற மராத்திக்காரர்களும், உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் வீடுகளும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு விதி: நிரந்தரமாக எதுவும் அங்கே நிற்கக் கூடாது. கணபதி வரட்டும், விசர்ஜனத்தோடு பந்தல் பிரிக்கப்பட வேண்டும். இஃப்தார் விருந்து நடக்கட்டும், அம்பேத்கர் ஜெயந்தி நடக்கட்டும், அம்மனுக்குக் கூழ் ஊற்றட்டும். முடிந்ததும் இடம் காலியாக வேண்டும். பாங்கு சொல்லும்போது பறை நிற்கும். பரீட்சை மாதத்தில் மைக் கிடையாது. நான் இந்த வயசுக்குள் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு நல்ல தீர்மானம் எதிலும் எழுதப்பட்டதில்லை என்று மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் எத்தனை நாளைக்கு என்கிற பயம் உண்டு. தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே வீட்டுக்குத் தகுதி இல்லாதவர்களை வெளியே அனுப்பத் தேர்ந்தெடுத்திருக்கிற இடங்களில் தேவ்னார் குப்பைக்கிடங்கும் ஒன்று. 2024ல் அதிலே சுமார் 124 ஏக்கரை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கினார்கள். 1927லிருந்து குப்பை விழுகிற பூமி அது. 2016 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, செயற்கைக்கோள் படத்தில்கூடப் புகை தெரிந்ததே, அதே இடம். குப்பையைத் தோண்டி அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். அகற்றட்டும். அகற்றியதைக் கண்ணால் பார்த்து, மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் சோதித்த தாளை நம் கையில் கொடுக்கட்டும். நேச்சர் பார்க் ஆன அந்தப் பழைய மேட்டுக்கு மூடினதிலிருந்து திறக்கிற வரைக்கும் பதினேழு வருஷம் ஆயிற்று, அதுவும் மரங்களுக்கு. மனுஷர் படுத்துத் தூங்கப் போகிற இடத்துக்கு அவசரம் காட்டலாமா? நம் பாட்டன்மார் சதுப்பைத் தூர்த்துக் குடியேறினார்கள். பேரப்பிள்ளைகள் குப்பை மேல் குடியேற வேண்டும் என்றால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த கூட்டம் நம் முற்றத்தில்தான். அங்கே உட்கார்ந்து பேசுவதால் இப்போது பெண்களும் வந்து வாய் திறக்கிறார்கள். முன்பெல்லாம் டீக்கடையில் ஆம்பிளைகள் நாலு பேர் பேசி முடித்துவிடுவோம்.

இனி உன்னிடம் கேட்கிற காரியம். வருகிற தைப்பொங்கலுக்கு எப்போதும் போல நைன்டி ஃபீட் ரோட்டில் பானை வைப்பார்கள். அன்று ராத்திரி முற்றத்தில் வில்லுப்பாட்டு வைக்கலாம் என்று பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் அதை போனில்தான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் கொடை விழாவுக்குப் பாடுகிற குழு ஒன்றைப் பேசி முடித்துக் கொடு. ரயில் டிக்கெட், தங்க இடம், சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. சம்பளத்தை மட்டும் நீ நியாயமாகப் பேசு, பேரம் பேசி அவர்களைக் குறைத்துவிடாதே.

குடத்தை ரயிலில் தூக்கிவர வேண்டாம். கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக் குயவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வில்லைக் கட்டி, குடத்து வாயில் அடித்தால் சத்தம் வர வேண்டும் என்று கையால் காட்டினேன். அவருக்கு ஒரே உற்சாகம். வாய் எத்தனை விரல்கடை, வயிறு எவ்வளவு அகலம், கழுத்து எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு கனம் என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று செய்து தருகிறேன், நல்ல சத்தம் வருவதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். அந்த அளவை வில்லுப்பாட்டுக்காரரிடம் கேட்டு இந்த மாதத்துக்குள் எழுதி அனுப்பு. காய்ந்து சூளை வைக்க நேரம் வேண்டும். தங்கச்சியால் அவ்வளவு தூரம் உட்கார முடியும் என்றால் இரண்டு பேரும் அவர்களோடேயே சாளுக்கியா எக்ஸ்பிரஸில் ஏறிவிடுங்கள், தாதரில் நான் நிற்கிறேன்.

உன் மச்சான்