பாயி அணியின் ஏடுகளுக்கு இனி யார் பொறுப்பு? சீனக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சீனக் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். 2020 அக்டோபர் 20 அன்று தாங்கள் விடுத்த அறிவிப்போடு, சீன ராணுவமான மக்கள் விடுதலைப் படையின் பாயி ராக்கெட்ஸ் அணி தொழில்முறை லீக்கிலிருந்து வெளியேறியது. ராணுவம் தன் விளையாட்டு அணிகளை வைத்துக்கொள்வதும் கலைப்பதும் ராணுவத்தின் முடிவு என்பதால், அதை மாற்றச் சொல்லி நான் எழுத வரவில்லை. எட்டு முறை சாம்பியன் பட்டம் வென்ற அந்த அணியின் ஆட்டப் பதிவுகளை முதல் பருவத்திலிருந்து கடைசிப் பருவம் வரை தங்கள் சங்கமே பொறுப்பேற்று, எவரும் பார்க்கும்படி ஓரிடத்தில் முழுமையாக வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. குவாங்டோங், லியாவ்னிங், ஷாங்காய் போன்ற மற்ற லீக் அணிகளுக்குத் தங்கள் சாதனைகளைக் காத்து வைக்க நிர்வாகமும் அலுவலகமும் இருக்கின்றன. பாயிக்காகப் பேச இன்று ஒரு நிர்வாகம் இல்லை.

1995-இல் லீக் தொடங்கியபோது அதற்கு உயரத்தைக் கொடுத்தது இந்த அணிதான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1995–96 முதல் 2000–01 வரை நடந்த முதல் ஆறு பருவங்களிலும் கோப்பை பாயிக்கே போனது. லியூ யூடோங், லி நான், வாங் ஜிஜி ஆகியோர் ஒரே அணியில் ஆடிய காலம் அது. அந்த ஆறு பட்டங்களைப் பற்றிப் பேசுவோர், ராணுவ அணி என்பதால் நாடெங்கிலுமிருந்து இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது என்ற காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே ராணுவத் தன்மைதான் வெளிநாட்டு வீரர் ஒருவரைக்கூட ஒப்பந்தம் செய்ய முடியாதபடி அணியைக் கட்டிப்போட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். மற்ற அணிகள் அமெரிக்க வீரர்களைக் களமிறக்கிய ஆண்டுகளில் பாயி உள்நாட்டு வீரர்களை மட்டுமே வைத்து ஆடியது. ஆகவே வெறும் வெற்றி தோல்விப் பட்டியல் போதாது. அந்தந்தப் பருவத்தில் வெளிநாட்டு வீரர்கள் குறித்து என்ன விதி இருந்தது என்ற குறிப்பும் முடிவுகளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லையேல் பின்னாளில் படிப்பவருக்குப் பாயியின் எழுச்சியும் புரியாது, சரிவும் புரியாது.

2002 இறுதிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களின் இறுதிச் சுற்றிலும் யாவ் மிங்கின் ஷாங்காய் ஷார்க்ஸ் பாயியிடம் தோற்றிருந்தது. 2001 ஏப்ரலில் வாங் ஜிஜி டாலஸ் மாவெரிக்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடிய முதல் சீன வீரரானார். அவர் இல்லாத பாயியை ஷாங்காய் அடுத்த ஆண்டு 3–1 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தின் முடிவு 123–122. ஒரே ஒரு புள்ளி. ஆறு ஆண்டு ஆதிக்கம் அந்த ஒரு புள்ளியில் முடிந்தது, யாவ் மிங் அதே ஆண்டில் என்.பி.ஏ.வின் ஹூஸ்டன் அணிக்குப் போனார். சீனக் கூடைப்பந்தின் போக்கே திரும்பிய அந்த ஆட்டத்தின் கால்பகுதி வாரியான புள்ளிகளும், ஒவ்வொரு வீரரின் ரீபவுண்ட், ஃபவுல் கணக்கும், தேடிக் களைக்காமல் ஒரு மாணவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்பது பெரிய ஆசை அல்ல என்று நம்புகிறேன்.

பாயி 2002–03-இல் மீண்டும் பட்டம் வென்றது. எட்டாவதும் கடைசியுமான பட்டம் 2006–07-இல் வந்தது. எல்லாப் பட்டங்களிலும் நான் மிக உயர்வாக மதிப்பது அதைத்தான். எதிரே நின்றது யீ ஜியன்லியனும் ஜூ ஃபாங்யூவும் ஆடிய, தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றிருந்த குவாங்டோங். ஆதிஜியாங் பயிற்சியளித்த பாயி அவர்களை 4–1 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியின் நடுவில் நின்ற வாங் ஜிஜி, 2002-இல் தேசிய அணியின் அழைப்பை ஏற்று அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பாததால் அந்த அணியிலிருந்து நீக்கப்பட்டு, 2006-இல் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டவர். பிற்காலத்தில் அவரே பாயியின் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். இந்த நான்கு ஆண்டுகளை மழுப்பிவிட்டு எழுதப்படும் வரலாறு அவருக்கும் நியாயம் செய்யாது, அவரை மீண்டும் ஏற்றுக்கொண்ட அணிக்கும் நியாயம் செய்யாது.

அதேபோல் 2011 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியோடு நடந்த நட்பு ஆட்டமும் பதிவில் இருக்கட்டும். 64–64 என்று சமநிலையில் இருந்தபோது கைகலப்பு மூண்டு ஆட்டம் நின்றுபோனது. பின்னர் விமான நிலையத்தில் இரு தரப்பும் சந்தித்துச் சமாதானம் ஆனார்கள். பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது விளம்பரத் தாளாகிவிடும். 2007-க்குப் பிறகு அணி படிப்படியாக அட்டவணையின் அடிப்பகுதிக்கு இறங்கிய பருவங்களையும் அதே அக்கறையோடு தொகுக்கக் கேட்கிறேன். குவாங்டோங் 2013-இல் பாயியின் எட்டுப் பட்டங்களைச் சமன்செய்து, 2019-இல் அதைக் கடந்தது. அந்தச் சாதனையின் அளவை உணரவும் பாயியின் ஏடுகள்தான் தேவை.

லீக்குக்கு முந்தைய காலத்தையும் விட்டுவிட வேண்டாம். 2.28 மீட்டர் உயரமுள்ள மு தியேஜு ராணுவ அணியின் சென்டராக, அதாவது கூடைக்கு அருகில் ஆடும் வீரராக, நின்று ஆடிய நாட்களும், ஜெங் ஹாய்ஷியா போன்றவர்களைத் தந்த மகளிர் அணியும் இதே மரபைச் சேர்ந்தவை. தங்கள் அறிவிப்பு ஆடவர் அணியோடு மகளிர் அணியின் விலகலையும் தெரிவித்தது. தொகுப்பிலும் இரண்டுக்கும் சம இடம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2020–21 பருவம் ஜூஜி நகரில் தொடங்கியது. பாயி பல ஆண்டுகள் சொந்த மைதானமாகக் கொண்டிருந்த நிங்போவும் அதே ஜெஜியாங் மாகாணத்தில்தான் இருக்கிறது. தன் தொடக்க ஆட்டத்துக்கு அணி வராததால், வராத அணிக்கான விதிப்படி 0–20 என்று தோல்வி அறிவிக்கப்பட்டது. ஆடாத ஆட்டத்தின் அந்த எண், இந்த அணியின் கடைசி வரியாகப் பதிவாகக் கூடாது. பெருந்தொற்றால் தடைப்பட்டு, 2020 ஜூனில் சிங்தாவ், தோங்குவான் நகரங்களில் மீண்டும் தொடங்கிய பருவத்தில் பாயி வீரர்கள் உண்மையில் களமிறங்கிய கடைசி ஆட்டத்தையே இறுதிப் பதிவாகக் கொண்டு, வராமற்போன ஆட்டத்தைத் தனிக் குறிப்பாகத் தரும்படி வேண்டுகிறேன். அதற்குப் பின் வேறு அணிகளுக்குப் போய் ஆடிய இளைஞர்களின் விவரத்திலும் அவர்கள் வளர்ந்த அணியின் பெயர் நிற்கட்டும்.

இக்கோரிக்கையின் மீது தாங்கள் எடுக்கும் முடிவைப் பொதுவில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாயியின் ஆட்டங்களை மதிக்கும் ஒரு தமிழ் வாசகர்