வேட்டித் துணியில் செதில்

மண்டபம்,
மே 18

மாப்ள,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. போன தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை ஊருக்கு வந்து நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது வேறு சேதி.

ஜீப் போச்சு. விற்கவில்லை, பயப்படாதே. இன்ஜின் போச்சு. மார்ச்சில் ராமநாதபுரத்திலிருந்து திரும்பும்போது உச்சிப்புளி தாண்டியதும் ஆயில் லைட் எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன். 'உனக்குச் சிவப்பு விளக்குன்னா திருவிழா சீரியல் பல்பு' என்று நீ சொல்வாயே, அதேதான். பிரப்பன்வலசை வருவதற்குள் அடியில் டக்டக் என்று தட்டியது, அப்புறம் ஒரே அடி, நின்றுவிட்டது. மீன் லாரியில் கட்டி இழுத்து வந்தோம். வருகிற வழியெல்லாம் கணக்கு வாத்தியார் முகம்தான் ஞாபகம் வந்தது.

இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றினால், கிராங்கைத் தாங்குகிற பேரிங் பொடிப்பொடியாகக் கிடந்தது. உள்ளே சுழல்கிற அந்தக் கிராங்குத் தண்டும் வெட்டியிருந்தது. அதைச் சரி பண்ணுகிற காசுக்குப் செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒன்றே வாங்கிவிடலாம் என்று மச்சான் சொல்ல, மதுரைக்குப் போய் கம்ப்ரஷன் பார்த்து ஒன்று தூக்கி வந்தோம். நல்ல இன்ஜின்தான். வில்லங்கம் ஜீப்பில் இருந்த பழைய ஆயில் கூலரில் வந்தது, அதுதான் இன்ஜின் ஆயிலை ஆறவைக்கிற பெட்டி.

மெக்கானிக், "கம்ப்ரஸர் காத்து நாலு தடவை அடிச்சு மாட்டிருவோம்ண்ணே" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து டீ குடிக்க வந்தார் நம்ம லேத்துப் பட்டறை பாய். கூலரைக் கையில் எடுத்துக் குலுக்கினார், மோந்து பார்த்தார். "பழைய இன்ஜின் செத்த விஷம் பூராவும் இதுக்குள்ள இருக்கு. இதை மாட்டினா புதுசும் பின்னாலயே போயிரும்" என்றார்.

உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இருந்தாலும் சொல்கிறேன். கூலர் குழாய் வெறும் ஓட்டை இல்லை. ஆயில் புரண்டு புரண்டு போய்ச் சூடு இறங்குவதற்காக உள்ளே மெல்லிசுத் தகட்டை மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். பேரிங் துகள் அந்த மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று அடித்தால் அசையாது. ஆயில் கொதித்து நீர்த்து ஓடும்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். நம்ம வண்டியில் ஆயில் முதலில் ஃபில்டருக்குப் போய்விட்டு அப்புறம்தான் கூலருக்கு வருகிறது. ஆக, கூலரை விட்டுக் கிளம்புவது நேரே பேரிங்குக்குத்தான். "அரிசியைக் கல்லு பொறுக்கிட்டு, உலையில போடும்போது மறுபடி ஒரு கை கல்லு போடுற மாதிரி" என்றார் பாய்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மச்சான் விசைப்படகில் போன வருஷம் நடந்ததைச் சொன்னார். எனக்கே அது முழுசாகத் தெரியாது, மச்சான் வீட்டில் மறைத்திருக்கிறான். இன்ஜின் வேலை பார்த்தவர்கள் கூலரைத் தொடவே இல்லையாம். நாலாவது நாள் நடுக்கடலில் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிட்டது. நங்கூரம் தரை பிடிக்காமல் இலங்கை எல்லைக் கோட்டுப் பக்கம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 1974-ல் போட்ட கோடு, தண்ணீரில் தெரியவா செய்யும்? விடிகிற நேரத்தில் பக்கத்துப் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. தங்கச்சிக்கு இன்னும் தெரியாது மாப்ள. நீ வந்தால் வாயை விட்டுவிடாதே.

அப்புறம் எங்கே காற்று அடிப்பது? மூன்று நாள் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க டீசலை நிரப்பி ஊறவைத்து, காலையில் ஆயில் போகிற திசைக்கு எதிர்த்திசையில் தள்ளி, அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டினேன். முதல் நாள் கறுப்புக் கஞ்சி. இரண்டாம் நாள் துணியை வெயிலில் விரித்தால் சூடை மீன் செதில் போல மினுமினு என்று இருந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இரும்புத் துகளே இல்லை, எல்லாம் சுத்தம் என்று குதித்தேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். பேரிங்கில் இருக்கிற செம்பும் ஈயமும் காந்தத்தில் எங்கே ஒட்டும்! பத்தாம் வகுப்பில் இதே கேள்விக்குத்தான் நாம் இரண்டு பேரும் முட்டிபோட்டோம்.

மூன்றாம் நாள் துணி சுத்தமாகத்தான் வந்தது. மாட்டிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். என்ன தோன்றியதோ, மரச் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி டீசல் விட்டேன். திரும்பவும் செதில்.

அன்றைக்கே புது கூலருக்குச் சொல்லிவிட்டேன். இன்ஜின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கா மூன்று நாள் என்று அம்மா கேட்கிறாள், பதில் இல்லை. எப்படியும் பழசின் வெளித்தகடெல்லாம் உப்புக்காற்றில் பூத்து உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஹோஸ் இரண்டையும் சேர்த்து மாற்றுகிறேன், அவற்றுக்குள்ளும் துகள் இருக்குமாம். ஆத்திரம் அடங்காமல் பழைய கூலரை ரம்பத்தால் நெடுக்கில் அறுத்துப் பார்த்தேன். மாப்ள, மடிப்புக்கு மடிப்பு அடைந்து கிடக்கிறது. தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். கையில் ஆயில் படும், சட்டையில் துடைக்காதே.

வாங்கி வந்த இன்ஜினை இன்னும் வண்டியில் மாட்டவில்லை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு ரிப்பேர் வேலை, பாய் லேத்தை விட்டு நகர முடியாது. ஜூன் 14-க்கு அப்புறம் ஓய்ந்துவிடுவார். முதலில் டீசலை அடைத்துவிட்டு, ஆயில் லைட் அணைகிற வரை வெறும் செல்ஃப் சுற்ற வேண்டும், அப்புறம்தான் ஸ்டார்ட் என்று சொல்லியிருக்கிறார். அந்த லைட்டைப் பார்க்க இந்தத் தடவை நீ பக்கத்தில் உட்கார். என்னை நம்ப முடியாது. லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்று எழுது.

உன்
சீரியல் பல்பு