நிறுவனங்களுக்காகப் பேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்நுட்ப நிறுவனங்களின் செய்தித் தொடர்பு, பொதுக் கொள்கைப் பிரிவுகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் ஒரு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன்தான். கூகுளிலும் பிறகு ஃபேஸ்புக்கிலும் செய்தித் தொடர்புக்குத் தலைமை வகித்த எலியட் ஷ்ரேகின் பணி வாழ்க்கையை நாம் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2006 பிப்ரவரி 15. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ அதிகாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். கூகுளின் சார்பில் ஷ்ரேக். சீன அரசுக்கு ஆகாதவற்றை நீக்கிவிட்டு முடிவுகளைக் காட்டும் தேடல் தளத்தை அந்நிறுவனம் முந்தைய மாதம்தான் தொடங்கியிருந்தது. நாஜிகளின் இன அழிப்பிலிருந்து உயிர் தப்பிய உறுப்பினர் டாம் லான்டோஸ், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று நேராகவே கேட்டார். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் ஷ்ரேக் பதில் சொன்னார். முடிவுகள் நீக்கப்பட்டிருப்பதைப் பயனாளருக்கு அந்தப் பக்கத்திலேயே தெரிவிக்கிறோம் என்பதும் அவர் தரப்பு வாதம். கூகுளின் அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

2008-இல் அவர் ஃபேஸ்புக்குக்குப் போனார். 2018 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், யூதரான பெரும் முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் அந்த நிறுவனத்தைச் சாடியபோது, சோரோஸுக்கு இதில் பண ஆதாயம் உண்டா என்று துருவும் வேலை டிஃபைனர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் போனது. பிறகு ஃபேஸ்புக்கை எதிர்த்த ஒரு கூட்டமைப்புக்குப் பின்னால் சோரோஸின் பணம் இருப்பதாகச் சொல்லும் தாள்கள் நிருபர்களின் கைக்கு வந்தன. யூத வெறுப்பாளர்கள் ஓயாமல் குறிவைக்கும் பெயர் அது! நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. விலகப்போவதாக முன்பே அறிவித்திருந்த ஷ்ரேக், பொறுப்பு தன்னுடையதே என்று எழுதினார். அதை மதிக்கிறேன். ஆனாலும் கூட்டமைப்பு என்ன சொன்னது என்பது, யார் பணம் கொடுத்தார்கள் என்ற தேடலுக்கு அடியில் புதைந்துபோனது.

இது எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்ததும், "இவரை யார் தூண்டிவிட்டது?" என்றுதான் எங்கள் கூட்டத்தில் முதலில் கேட்டார்கள். அரை நாள் அவர் பெயரை இணையத்தில் தேடினேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுநாள்தான் படித்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை.

நண்பர்களே, எதிர்ப்பவரின் பின்னணியைத் தோண்டச் சொல்லி உங்களிடம் வேலை வந்தால், அவருடைய குற்றச்சாட்டுக்கான பதிலை முதலில் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். வாயால் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்