கோவை பொறியியல் கல்லூரிகள் பார்க்கப் போறவங்க கவனத்துக்கு

நெல்லையிலிருந்து கிளம்பும் பெற்றோர்களே, நாகர்கோவில் – கோயம்புத்தூர் இரவு ரயில்தான் வசதி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தவறினால் தட்கல் (கடைசி நேர முன்பதிவு): முந்தைய நாள் ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ஐஆர்சிடிசி (ரயில் முன்பதிவுத் தளம்) கணக்கில் ஆதாரை இணைத்திருக்காவிட்டால் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. இதை முதல் நாளே சரிபார்த்து வையுங்கள்.

பிஎஸ்ஜி டெக்கும் (பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி) சிஐடியும் (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஒரே அவினாசி சாலையில். ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ஊரின் மறுபக்கம், தடாகம் சாலை. அதனால் ஜிசிடியைக் காலையிலேயே முடித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் போங்கள். நடுவில் செருகினால் ஊரைக் குறுக்கே இரண்டு முறை கடக்க வேண்டிவரும், பாதி நாள் போக்குவரத்திலேயே போய்விடும்.

வேலை நாளில் போங்கள். செமஸ்டர் விடுமுறையில் கட்டடம்தான் தெரியும், ஆய்வகம் பூட்டியிருக்கும்.

முக்கியமானது கட்டணம். பிஎஸ்ஜி, சிஐடி இரண்டிலும் அரசு உதவி பெறும் இடங்களும் உண்டு, சுயநிதி இடங்களும் உண்டு. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுப் பட்டியலில் பாடப்பிரிவின் பெயர் பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்றிருந்தால் அது சுயநிதி, கட்டணம் கூடுதல். அலுவலகத்தில் "ஃபீஸ் எவ்வளவு?" என்று மொட்டையாகக் கேட்காமல், இரண்டு வகை இடங்களுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே கல்லூரியின் கலந்தாய்வு எண்ணும்: ஜிசிடி 2005, பிஎஸ்ஜி 2006, சிஐடி 2007. விருப்பப் பட்டியலில் ஒரு எண் மாறினால் கல்லூரியே மாறிவிடும்.

விடுதி மெஸ்ஸை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். எந்தக் கல்லூரியில் யார் அவசரப்படுத்தினாலும் அன்றே முன்பணம் கட்டாதீர்கள்.