மெமோ எனக்கு, அந்த ஸ்கேன் மெஷினுக்கு?

கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். போன மாத ரிவியூ மீட்டிங்கில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். என் பகுதியில் ஒரு கர்ப்பம் நாலாம் மாதத்தோடு நின்றுவிட்டது, நான் சரியாகப் பின்தொடரவில்லையாம். பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுத இடமில்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது உண்டானதும் நான்தான் அரசின் கர்ப்பிணிகள் பதிவான பிக்மியில் பதிவு செய்து எண் வாங்கிக் கொடுத்தேன். எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 11 இருந்தது. நாலாம் மாதம் தேடிப் போனால், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் மாமியார். பத்து நாள் கழித்துப் போனபோது சுவரோரம் பாயில் சுருண்டு கிடந்தாள். இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. எச்பி 6. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மூத்த பிள்ளை உள்ளே போய் தாய் சேய் நல அட்டையை எடுத்து வந்து, "இது இனிமே வேணாமாம், பாட்டி குடுக்கச் சொன்னாங்க" என்று என் கையில் கொடுத்தது. வயிற்றில் இருந்தது தன்னைப் போல ஒரு பெண் என்பதால்தான் அந்த அட்டை வேண்டாமல் போனது என்று அதற்குத் தெரியாது.

அவள் சொன்னது இதுதான்: ராத்திரியில் காரில் கூட்டிப் போனார்களாம், எந்த ஊர் என்றே தெரியவில்லையாம், ஒரு வீட்டில் கையில் தூக்குகிற மெஷினை வைத்துப் பார்த்தார்களாம், அப்புறம் மாத்திரை. நான் மேலதிகாரிகளிடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். கேள்வியெல்லாம் எனக்குத்தான் வந்தது. அந்த மெஷின் யாருடையது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பதிவு இல்லாத ஆளுக்கு ஸ்கேன் மெஷினை விற்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. சோதனை போட்டு மெஷினைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை. பிக்மியில் பதிவாகி நாலு, ஐந்து மாதத்தில் நின்றுபோன கர்ப்பங்களை, முக்கியமாகப் பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடுகளில் நின்றவற்றை, ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்து ஊர்களில் அதிகம் என்று அதுவே காட்டிக் கொடுக்கும். அந்தப் பெண்களைத் துருவவோ தண்டிக்கவோ கேட்கவில்லை. கணவனோ உறவினரோ வற்புறுத்தினார்கள் என்றுதான் சட்டமே முதலில் எடுத்துக்கொள்கிறது. கருவைக் கலைப்பதா வேண்டாமா என்று பெண் தானே முடிவெடுக்கும் உரிமையிலும் கை வைக்க வேண்டாம். மெஷின் வைத்திருப்பவனைப் பிடியுங்கள்.

வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுவிடலாம் என்று 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பிறந்த பிள்ளையைத்தான் தொட்டிலில் போட முடியும், பிறக்கவே விடாத பிள்ளைக்கு எந்தத் தொட்டில்? 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள் என்றார்கள், கேட்க ஆறுதலாக இருந்தது. அதே கணக்கில் கடலூரில் 896, அரியலூரில் 897. சராசரிக்குள் இந்த ஊர்களெல்லாம் ஒளிந்துகொள்கின்றன.

சட்டம் மட்டும் போதாது என்பதும் தெரியும். நான் போகிற வீடுகளில் பெண் பிறந்தால் முதல் பேச்சே எத்தனை பவுன் சேர்க்க வேண்டும் என்பதுதான். மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி பங்கு வேண்டாம் என்று அவளை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவைக்கிறார்கள், போடாவிட்டால் அண்ணன் தம்பி வீட்டு வாசலே மூடிவிடும். பையன்தான் சொத்து, பெண் செலவு என்ற கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. தென்கொரியாவில் 1990-ல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகளுக்கு மேல் பிறந்தன, பதினேழே வருடத்தில் இயல்பு நிலைக்கு வந்துவிட்டார்கள். அங்கே சட்டமும் இருந்தது, பெண்கள் படித்து வேலைக்கும் போனார்கள். நம்மூரிலும் பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள், அப்புறமும் ராத்திரியில் கார் வந்து நிற்கிறது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். என் மெமோவை ரத்து செய்யுங்கள் என்று கேட்கவில்லை, அது ஃபைலிலேயே இருக்கட்டும். அந்தக் கர்ப்பம் ஏன் நின்றது என்று என்னைக் கேட்டது போல, ஸ்கேன் செய்தவரையும் மெஷினை விற்றவரையும் கேளுங்கள். தயவுசெய்து அடுத்த மாத ரிவியூவுக்கு முன்னால் கேளுங்கள். என் பகுதியில் இன்னும் மூன்று பேர் இரண்டு பெண் பிள்ளைகளோடு மாசமாக இருக்கிறார்கள், அதில் ஒருத்திக்கு இது மூன்றாம் மாதம்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்