ஆட்டம் ஓய்ந்த மைதானங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாச் சிறப்பிதழில் வந்த விளையாட்டரங்குகள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அதில் இருந்தவை எல்லாமே இன்றும் ஆட்டம் நடக்கிற பெரிய ஸ்டேடியங்கள். டிக்கெட் வாங்கி, வழிகாட்டியின் பின்னால் போய், டிரெஸ்ஸிங் ரூமில் தொங்கும் ஜெர்சியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசியில் கடை வழியாக வெளியே வரும் சுற்று எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விளையாட்டுப் பித்து உள்ளவர்கள் தேடிப் போக வேண்டியது அந்த ஊரின் பழைய மைதானத்தை என்பது என் கட்சி.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆன்டிகுவா தீவில் செயின்ட் ஜான்ஸ் நகரின் நடுவிலேயே இருக்கிறது ஆன்டிகுவா ரெக்ரியேஷன் கிரவுண்ட். 1986-ல் விவியன் ரிச்சர்ட்ஸ் 56 பந்துகளில் சதம் அடித்தது அங்கேதான். 1994-ல் லாரா 375 ரன் எடுத்ததும், 2004-ல் ஆட்டமிழக்காமல் 400 எடுத்ததும் அதே மைதானத்தில். மூன்றுமே இங்கிலாந்துக்கு எதிராக! பிறகு 2007 உலகக் கோப்பைக்காக ஊருக்கு வெளியே ரிச்சர்ட்ஸ் பெயரிலேயே புது ஸ்டேடியம் கட்டினார்கள். பழையது ஓரங்கட்டப்பட்டது. 2009 பிப்ரவரியில் அந்தப் புது ஸ்டேடியத்தில் தொடங்கிய டெஸ்ட்டைப் பத்தே பந்துகளில் நிறுத்த வேண்டியதாயிற்று. மணல் நிறைந்த தரையில் பவுலர்கள் ஓடிவந்தால் கால் புதைந்தது. வேறு வழியில்லாமல் பழைய மைதானத்தை அவசர அவசரமாகத் தயார்செய்து, இரண்டே நாளில் அங்கே ஒரு டெஸ்ட்டைத் தொடங்கினார்கள். வெஸ்ட் இண்டீஸ் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து மயிரிழையில் டிரா செய்த ஆட்டம் அது. இவ்வளவு நடந்த இடத்தை விட்டுவிட்டுப் புதிய ஸ்டேடியத்தில் போய் நின்று என்ன பார்ப்பது?

மைதானமே இடிக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரம் அதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. 1966 கால்பந்து உலகக் கோப்பையில் வட கொரியா 1-0 என இத்தாலியை வீழ்த்திப் போட்டியை விட்டே வெளியேற்றியது அங்கிருந்த ஏர்சம் பார்க்கில். (ஊர் திரும்பிய இத்தாலிய அணிக்குத் தக்காளி அபிஷேகம் நடந்தது.) தொண்ணூறுகளில் மைதானத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். ஆனால் வட கொரிய வீரர் பாக் டூ-இக் அந்த வெற்றி கோலை அடித்த இடத்தில், ஒரு வீட்டின் முன்புறப் புல்தரையில், கால்பந்து பூட்ஸின் தடம் வெண்கலத்தில் வார்த்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். ஒரு நகரம் தன் விளையாட்டு வரலாற்றுக்கு இதைவிடச் சிக்கனமாக, இதைவிடத் துல்லியமாக மரியாதை செய்ய முடியுமா என்று தெரியவில்லை. ஆளுயரச் சிலைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவை ஆளைக் காட்டுமே தவிர, அவர் நின்ற இடத்தைக் காட்டாது.

பேஸ்பால் எனக்குப் பிடிபடாத ஆட்டம். ஆனாலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு இருந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1960 அக்டோபர் 13 அன்று, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பில் மேஸரோஸ்கி அடித்த ஹோம் ரன் பிட்ஸ்பர்க் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தது. மைதானம் போய்ப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வந்துவிட்டன. எல்லைச் சுவரில் ஒரு பகுதி மட்டும் மிச்சம். ஆண்டுதோறும் அதே தேதியில் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி, அன்றைய வானொலி வர்ணனையின் பதிவைப் போட்டுக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு ஆரவாரம் வேறு!

ரோமின் பியாட்சா நவோனா சதுக்கத்துக்குப் போகிற பலர் நீரூற்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சதுக்கம் ஏன் அப்படி நீளமாக, ஒரு முனையில் வளைந்து கிடக்கிறது? அது முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் உட்தரை. சுற்றிலும் உள்ள கட்டடங்கள் பார்வையாளர் படிக்கட்டுகள் இருந்த இடத்தில் எழும்பியவை. பூமிக்கடியில் இருக்கும் மிச்சத்தையும் போய்ப் பார்க்கலாம்.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் கதை வேறு. 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) ஓடுபாதை இன்றும் டிரெபெவிச் மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. கான்கிரீட் முழுக்க வண்ணக் கிறுக்கல்கள். தொண்ணூறுகளின் போஸ்னியப் போரில் அந்த மலையிலிருந்துதான் நகரத்தின் மீது குண்டு வீசினார்கள். 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கிய கேபிள் காரில் ஏறிப் போய், பாதைக்குள்ளேயே நடக்கலாம். பாழடைந்ததை ரசிக்கப் போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் அங்கே போகக் கூடாது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றில் சில இப்போது குடியிருப்புகள். அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். கிளம்புமுன் அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றியாவது படித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மிடில்ஸ்பரோவில் உங்களுக்குத் தெரிவது வெறும் புல்தரைதான்.

உங்களுக்கும் ஒன்று. கட்டுரையில் லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அங்கிருந்து சில நிமிட நடையில், 2006 வரை அந்த அணி ஆடிய ஹைபரி இருக்கிறது. ஆடுகளம் தோட்டமாகிவிட்டது, மாடங்கள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. 1936-ல் கட்டிய கிழக்கு மாடத்தின் முகப்பு அப்படியே நிற்கிறது, தெருவில் நின்றே பார்க்கலாம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனி எந்த ஸ்டேடியத்தைப் பற்றி எழுதினாலும், அதற்கு முன் அந்த அணி எங்கே ஆடியது, அங்கே இப்போது என்ன இருக்கிறது, எப்படிப் போவது என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்