வினா எழவில்லை

அன்புள்ள மச்சாள்,

முதலில் மன்னிப்பு. உன் முழங்கால் ஒப்பரேஷனுக்குக் கட்டாயம் வருவேன் என்று சத்தியம் பண்ணினவள் வரவும் இல்லை, பிறகு ஒரு கோல் எடுக்கவும் இல்லை. மகளுக்குப் பிள்ளை கிடைத்தது, மழைக்கு அடுப்படிக் கூரை ஒழுகியது என்று நியாயங்கள் நிறையக் கிடக்கின்றன, நீ ஒன்றையும் நம்பப் போவதில்லை என்பதால் விடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அவர் வழக்கம்போல வளவுக்குள் பாம்பு தேடிக்கொண்டிருக்கிறார்.

விசயத்துக்கு வருகிறேன். நான் பாராளுமன்றம் போனேன் கா! சிரிக்காதே. கலரியில் இருந்து பார்க்கத்தான் போனேன்.

இருபத்தெட்டு வருடம் குடியியற் கல்வி படிப்பித்தவள் நான். சட்டமூலம் எப்படிச் சட்டமாகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி கீறி, முதலாம் மதிப்பீடு, இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவள், ஒரு நாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. ஓய்வெடுத்த பிறகுதான் வாய்த்தது. பழைய பள்ளிக்கூடத்தில் இருந்து நாற்பது பிள்ளைகளைக் கூட்டிப் போக ஏற்பாடு, கூடப் போகவிருந்த டீச்சருக்குக் காய்ச்சல், பொம்பிளை ஆள் ஒருத்தி வேண்டும், வாறீங்களா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வசனத்தை முடிக்கும் முன்னமே நான் சீலை தேடத் தொடங்கிவிட்டேன். எந்தச் சீலை என்று உனக்குத் தெரியும்.

இரவு எட்டு மணிக்கு பஸ். பொலன்னறுவை தாண்டி ஹபரணை வரும்வரை யானை வரும் என்று பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தார்கள், யானை வரவில்லை, வாந்திதான் வந்தது. நான் பின் சீற்றில், சில்லுக்கு நேர் மேலே. அந்தக் குலுக்கலில் என் இடுப்பு பட்ட பாட்டைச் சொன்னால் உன் முழங்கால் வெட்கப்படும்.

காலையில் அங்கே வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு மூக்குக்கண்ணாடி, தைலப் போத்தல், முறுக்குப் பொட்டலம், போன். அவ்வளவையும் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். அதனால்தான் படம் ஒன்றும் இல்லை, இந்தக் கடிதம்தான். கட்டடத்தைப் படத்தில் நீயும் பார்த்திருப்பாய், ஜெப்ரி பாவா வரைந்து 1982 இல் திறந்தது. செப்புக் கூரை, சுற்றிவரத் தியவன்னா ஓயாத் தண்ணீர், நடுவில் ஒரு தீவு, அதற்குப் போகத் தார் போட்ட ஒரு வழி. தூரத்தில் பார்க்க நம் வாவிக்குள் பெரிய பணக்காரன் ஒருவன் கோயில் கட்டி வைத்த மாதிரி இருந்தது. இந்தத் தீவை ஞாபகத்தில் வைத்துக்கொள், மறுகா தேவைப்படும்.

ஒன்பதரைக்கு மணி அடித்தது. படைக்கலச் சேவிதர் செங்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே வர, பின்னால் சபாநாயகர் வர, கீழே எல்லாரும் எழும்பி நிற்க, மேலே நம் பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே எழும்பிவிட்டார்கள். 1949 இல் பிரித்தானிய மக்கள் சபை கொடுத்த செங்கோல் அது என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! வெள்ளிப் பூணும் கருங்காலிக் கம்புமாக அது கண்ணுக்கு முன்னால் அசைந்து போனபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கத்தில் இருந்த வாண்டு, “டீச்சர், அது உண்மையான வெள்ளியா?” என்று காதுக்குள் கேட்டான். பேசக் கூடாது என்று கண்ணால் அதட்டினேன். அவனையும் ஞாபகத்தில் வைத்துக்கொள், மறுகா வருவான்.

225 இருக்கையில் நம்முடைய ஐந்து பேரையும் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் போனது. 2024 தேர்தல் முடிவு வந்த இரவு நீ போனில், “22 மாவட்டத்தில 21 ஒரு பக்கம், உங்கட மட்டக்களப்பு மட்டும் ஏன் கா மற்றப் பக்கம்?” என்று நக்கலடித்தது ஞாபகம் வந்து, கலரியில் இருந்தபடி தனியாகச் சிரித்தேன். ஒரு காவலர் திரும்பிப் பார்த்தார்.

வாய்மூல விடைக்கான வினாக்கள். உறுப்பினர் எழும்பி வினா இலக்கத்தைச் சொல்கிறார். அமைச்சர் எழும்பி, (அ) ஆம், (ஆ) இல்லை, (இ) எழவில்லை என்று வாசிக்கிறார். எழவில்லை! முன் விடையோடு அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், முதல் தரம் அது காதில் விழுந்ததும் உன் முகம்தான் வந்தது. 2008 இல் கிழக்கு மாகாண சபைச் செயலகத்தில் சுருக்கெழுத்து மேசைக்குப் போன புதிதில் நீ இந்தச் சொல்லை வைத்து எங்களைப் படுத்திய பாடு. சோறு மிச்சம் இருக்கா? எழவில்லை. கைமாத்து எப்ப தருவாய்? எழவில்லை. உன் கல்யாணத்தைப் பற்றிச் சின்னமாமி கேட்டதற்குக்கூட எழவில்லை என்று சொல்லி, அந்த மனுசி செத்த வீட்டுக் கதை என்று நினைத்து அழத் தொடங்கியது!

சிலதுக்கு நேரம் போதாமல் விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பித்தார்கள். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டியது. எனக்குக் கொஞ்சமும் தட்டவில்லை. பாடப் புத்தகத்தில் இருந்தது எல்லாம் கை கால் முளைத்து நடக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கிழக்கு உறுப்பினர் ஒருவர் தமிழில் எழும்பினார். அவர் வாயைத் திறந்ததும் கீழே ஒவ்வொரு கையாக மேசையிலிருந்த ஹெட்போனுக்குப் போனது. ஒருவர் ஒற்றைக் காதுக்கு மட்டும் பிடித்தார், ஒருவர் வயரில் சிக்குப் பட்டிருந்ததை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் ஒழுங்காக மாட்டிக்கொண்டு பேனையும் எடுத்தார். எங்கோ ஒரு கண்ணாடி அறைக்குள் யாரோ ஒருவர் நம் கதையை மூச்சு விடாமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க எனக்கு அந்த முகம் தெரியாத ஆளில் பாசம் வந்துவிட்டது.

என்ன கதை என்கிறாய்? பாதை கா. நம் படுவான்கரைப் பாதை. மேற்குக் கரைச் சனம் வாவியைக் கடக்கிற மிதவை, அதைத்தானே நாம் பாதை என்கிறோம், மாரியில் காற்றடித்தால் ஓடாது, பள்ளிப் பிள்ளைகள் துறையில் நிற்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு வழியில்லை, பாலம் எப்போது என்று கேட்டார்.

எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. மண்டூரில் இருந்து பாதை ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, அங்கிருந்து களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடத்துக்கு நனைந்த பாவாடையோடு ஓடி வருவாயே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. உன் ஒற்றைச் செருப்பு வாவிக்குள் விழுந்த அன்று என் செருப்பில் ஒன்றைக் கேட்டாய், நான் தரவில்லை, அந்தப் பாவம்தான் இன்றுவரை என்னைத் துரத்துகிறது. மண்முனைத் துறைக்கு 2014 இல் ஜப்பான் உதவியோடு பாலம் வந்தபோது அங்கே பாதையில் நின்று காய்ந்த சனம் பட்ட சந்தோசம் எனக்குத் தெரியும். அதைக் கண்ட மற்றத் துறைகளில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் தெரியும்.

இவ்வளவும் ஒரு தீவில் வைத்துக் கேட்கப்பட்டது என்பதைக் கவனி. சுற்றிவரத் தண்ணீர்தான். ஆனால் அங்கே யாரும் துறையில் நிற்கவில்லை.

அமைச்சர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. கேள்வியும் பதிலும் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். அடுத்த வினா வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது, அதுவும் யாரில் என்று தெரியாத கோபம். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, மாகாண சபை நிரல், நீ எனக்குத் தட்டச்சு அடித்து அனுப்பிய பிரதி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. மாகாணத்துக்குள் இருக்கிற வீதிகள், பாலங்கள், அவற்றில் ஓடும் பாதைகள், தேசிய நெடுஞ்சாலைகள் நீங்கலாக, எல்லாம் மாகாண சபைக்கு உரியவை. பாதை! அந்தச் சொல்லே அங்கே இருக்கிறது மச்சாள். நாட்டின் ஆகப் பெரிய சட்டத்தில் நம் மிதவைக்கு ஒரு இடம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைக் கதைப்பதற்கென்று திருகோணமலையில் ஒரு சபை இருந்தது, 37 பேர், அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருமலைக்கு 10, மேலதிகமாக 2. அதில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பாதை என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹெட்போன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும்.

2017 செப்டெம்பர் 30 அன்று காலம் முடிந்தது. மறுகா தேர்தல் இல்லை. தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணயம் என்றார்கள், அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் இதே பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்களித்தார். பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், ஆற்றின் நடுவில் கயிறு அறுந்த பாதை மாதிரி நிற்கிறது. படிப்பித்த காலத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அந்த இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு நினைத்தபோது வேறு மாதிரி இருந்தது.

உன்னை நினைத்தேன். அந்த ஒன்பது வருடமும் எத்தனை தரம் கூப்பிட்டாய்! “ஒரு அமர்வுக்கு வா கா, நம்மட ஆக்கள் நம்மட பாசையில சண்டை பிடிக்கிறத வந்து பார்” என்பாய். சோதனை, திருத்தல் வேலை, மருமகளின் சடங்கு, அடுத்த அமர்வுக்கு வாறேன் என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டேன். எங்கேயும் போகாது, அங்கேதானே இருக்கப் போகிறது என்ற எண்ணம். கடைசி அமர்வு முடிந்து நீ எடுத்த கோலுக்கும், “சரி விடு, ஆறு மாதத்தில தேர்தல் வரும்” என்று பெரிய பண்டிதர் மாதிரிச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டடத்தில் யாருடைய பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. முழங்காலுக்கு வராததைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விவாதம் நடந்தது. நான் பாதியைத்தான் கேட்டேன், பிள்ளைகளில் ஏழு பேர் நித்திரை, அவர்கள் கலரியில் இருந்து விழாமல் பிடிப்பதே வேலையாகிவிட்டது.

திரும்பும் வழியில் குருநாகலில் தேநீருக்கு நிறுத்தினோம். செங்கோல் வெள்ளியா என்று கேட்ட வாண்டு பணிஸைக் கடித்துக்கொண்டே வந்து, “டீச்சர், புத்தகத்தில மாகாண சபை என்று ஒரு பாடம் கிடக்கே, அதுவும் இப்படித்தான் இருக்குமா?” என்றான். திருமலையில் இருக்கிறது என்றேன். “அப்ப அடுத்த முறை அங்க போவோமா?” என்றான். திருமலை நமக்குக் கிட்ட, வாந்தியும் குறையும், நல்ல யோசனைதான். பணிஸ் தொண்டையில் சிக்கும், மெதுவாகத் தின் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வந்து இரண்டு கிழமை அதையே யோசித்தேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன். அந்த மண்டபம் இப்போது எந்த நிலையில் கிடக்கிறது? கதிரைகள் இருக்கின்றனவா, தவிசாளரின் மேசை இருக்கிறதா? யாருக்குக் கடிதம் போட்டால் ஒரு மணித்தியாலம் திறந்து காட்டுவார்கள்? சுற்றுலா என்று சொல்லி கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றையும் காட்டிவிட்டு, நாற்பது பேரையும் அங்கே கொண்டுவந்து இருத்தினால் 37 கதிரையும் நிரம்பும், மூன்று பேர் மிச்சம். அவர்களைக் கலரியில் விடலாம். நீ உன் பழைய மேசையில் இரு. முதல் வினா அந்த வாண்டு கேட்பான், பாதையைப் பற்றி.

பதில் போடு. எழவில்லை என்று மட்டும் எழுதி அனுப்பினால் மற்ற முழங்காலுக்கும் ஒப்பரேஷன் தேவைப்படும்.

தைலமும் முறுக்கும் தனியாகப் பார்சலில் வருகிறது. முறுக்கு உன் அவருக்கு இல்லை, அவருக்குச் சீனி என்று சொன்னாய்.

உன்
கல்லடியாள்